மறு: "சிக்னிஃபிகன்ட்" என்றால் முக்கியமா, தட்டுப்பட்டதா?

எல்லாருக்கும் வணக்கம். புள்ளியியலில் வரும் "சிக்னிஃபிகன்ட்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் குழுப் பேச்சுக்கு என் பதில் இது. "முக்கியத்துவம்" வேண்டாம் என்கிறேன் நான். அதற்கு ஒருவர் கேட்டது:

> "முக்கியத்துவம்" என்றால் எல்லாருக்கும் புரிகிறது. புரிகிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதுச்சொல்?

புரிகிறதுதான் ஐயா. தப்பாகப் புரிகிறது, அதுதான் சிக்கல். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் முதுகலை ஆய்வுக்காக ஒரு தமிழ்ப்பள்ளியில் வாசிப்புப் பயிற்சி நடத்தினாள். பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஒரு குழு, பெறாதவர்கள் ஒரு குழு. ஆய்வேடு மலாயில். பள்ளிக்குக் கொடுக்க இரண்டு பக்கச் சுருக்கம் மட்டும் தமிழில் வேண்டும் என்று என்னிடம் வந்தாள். மலாயில் "தீடாக் சிக்னிஃபிகான்" (சிக்னிஃபிகன்ட் அல்ல) என்று இருந்த இடத்தில், நான் யோசிக்காமல் "வேறுபாடு முக்கியமானதல்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைப் படித்த வகுப்பாசிரியை எனக்குப் போன் செய்தார். "சனிக்கிழமை சனிக்கிழமையா வந்து சொல்லிக்கொடுத்தோமே சார், அது முக்கியமில்லையா?"

என்ன பதில் சொல்வது? தவறு என்னுடையது. அந்தப் பெண்ணின் கணக்கு சொன்னது வேறு. இத்தனை சின்னக் குழுவில், பயிற்சிக்குப் பலனே இல்லாவிட்டாலும் இந்த அளவு வேறுபாடு தற்செயலாக வந்துவிடக்கூடும் என்றுதான் சொன்னது. பயிற்சி உதவவில்லை என்றுகூட அது சொல்லவில்லை.

புள்ளியியலாளர் ஃபிஷரின் தேநீர்க் கதை இங்கே பலருக்குத் தெரிந்ததுதான். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆய்வாளர், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். ஃபிஷர் 1935இல் வெளியிட்ட நூலில் அந்த அம்மாளின் பெயரைச் சொல்லாமல் அதை ஒரு சோதனையாக்கிக் காட்டினார். எட்டுக் கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி.

நாங்களும் செய்து பார்த்தோம். அந்தப் பெண்ணின் அத்தை முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். டின்பாலை முதலில் போட்ட தேயையும் பிறகு போட்ட தேயையும் தன்னால் பிரித்துச் சொல்ல முடியும் என்பார். ஒட்டுக்கடை (சாலையோரத் தேநீர்க்கடை) அண்ணனைக் கெஞ்சி, எட்டுச் சின்னக் கிளாஸில் கலந்து வாங்கினோம். அத்தை ஒவ்வொன்றாக உறிஞ்சி, நாலை இந்தப் பக்கமும் நாலை அந்தப் பக்கமும் தள்ளி வைத்தார். பால் முதலில் போட்ட நாலில் மூன்று சரி, ஒன்று இடம் மாறிவிட்டது.

இப்போது கணக்கு. எட்டில் நாலைப் பொறுக்க 70 வழி உண்டு. நாலும் சரியாக அமைவது ஒரே வழி, மூன்று சரியாக அமைவது 16 வழி. ஆக, நாக்கே மரத்துப்போன ஒருவர் சும்மா ஊகித்தாலும் மூன்றோ அதற்கு மேலோ சரியாக வரும் வாய்ப்பு 17/70, ஏறக்குறைய 24 விழுக்காடு. வழக்கமாகப் போடும் கோடு 5 விழுக்காடு; இந்த வாய்ப்பு அதற்குக் கீழே போனால்தான் கோட்டைத் தாண்டியதாக, "சிக்னிஃபிகன்ட்" என்று சொல்வார்கள். அத்தை கோட்டைத் தாண்டவில்லை.

எட்டுக் கிளாஸில் ஒரு பிசகுகூட இல்லாமல் சொன்னால்தான் தாண்ட முடியும் (1/70, அதாவது 1.4 விழுக்காடு). இதையே 12 கிளாஸாக, ஆறும் ஆறுமாக வைத்தால் மொத்தம் 924 வழி. ஐந்தோ ஆறோ சரியாக அமைவது 37 வழி; 4 விழுக்காடு. அதே நாக்கு, அதே ஒரு பிசகு, கிளாஸ் மட்டும் நாலு கூடியதும் முடிவு "சிக்னிஃபிகன்ட்" ஆகிவிடுகிறது. கிளாஸ் கூடினால் ஏறி, குறைந்தால் இறங்கும் ஒன்றுக்கு "முக்கியத்துவம்" என்று எப்படிப் பெயர் வைப்பது? பி-மதிப்பு (மேலே 24, 4 விழுக்காடு என்று கணக்கிட்ட அந்த வாய்ப்பு) விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016இல் அறிக்கை விட்டது. ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் தீரவில்லை. அதை நாம் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டுமா?

அந்தக் கோட்டுக்கு ("சிக்னிஃபிகன்ஸ் லெவல்") தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்லும் "மிகைகாண் நிலை" பற்றியும் பேச்சு வந்தது. அதில் முக்கியம் என்ற வாடை இல்லை, நல்லது. ஆனால் சொல்லிக் கொடுக்காமல் யாருக்கும் பிடிபடாது. மலாய்க்காரர்கள் "சிக்னிஃபிகன்ஸ்" என்பதைக் "கெஎர்தியான்" என்றும் சொல்கிறார்கள். அதற்குள் இருக்கும் "எர்தி" வேறொன்றுமில்லை, நம் "அர்த்த"த்தின் உடன்பிறப்பு. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஆனால் "அர்த்தமில்லாத வேறுபாடு" என்று எழுதினால் அந்த ஆசிரியை மறுபடி போன் செய்வார்.

நம் குழுவின் ஈப்போ அக்கா சொன்ன "தற்செயலன்மை" எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது ஒரு படி அதிகமாக அடித்துச் சொல்கிறது. பலனே இல்லாத 20 மருந்துகளைச் சோதித்தால், 5 விழுக்காட்டுக் கோட்டைச் சராசரியாக ஒன்று தற்செயலாகவே தாண்டிவிடும். அதற்குப் போய் "தற்செயலன்மை" என்று முத்திரை குத்த முடியாது.

நான் முன்வைப்பது "தட்டுப்படுதல்". இருட்டோடு ரப்பர் பால் வெட்டுக்குப் போனவர்களுக்கு இது புதிதில்லை. மரத்தடியில் மங்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணம், எங்கே என்று கையால் துழாவுவோம். தட்டுப்பட்டால் எடுப்போம். தட்டுப்படவில்லை என்பதற்காக மங்கு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள், இன்னும் கொஞ்சம் துழாவுவார்கள். சில நேரம் தட்டுப்பட்டது மங்காக இல்லாமல் கல்லாகவும் இருக்கும். இந்த மூன்றும் கருதுகோள் சோதனையில் (பலனே இல்லை என்று வைத்துக்கொண்டு, வந்த முடிவு அதற்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதில்) அப்படியே இருக்கின்றன. புள்ளியியலாளர்கள் நெய்மனும் இகான் பியர்சனும் பிரித்த இரண்டு பிழைகளையும் "பொய்யாகத் தட்டுப்படுதல்", "தட்டுப்படாமல் போதல்" என்று சொல்லிவிடலாம். "பவர்" (உள்ள பலனைத் தவறவிடாமல் பிடிக்கும் திறன்) என்பதற்குத் "துழாவுதிறன்". சிரிக்காதீர்கள், யோசித்துப் பாருங்கள்.

> பெயர்ச்சொல் ஆக்கினால் "தட்டுப்பாடு" ஆகுமே? அரிசித் தட்டுப்பாடு, முட்டைத் தட்டுப்பாடு மாதிரி.

சரியான அடி தம்பி. இதற்கு முழு மருந்து என்னிடம் இல்லை. 5 விழுக்காட்டுக் கோட்டைத் "தட்டுப்படல் மட்டம்" என்று எழுதினால் ஓரளவு தப்பிக்கலாம். "புலப்படுதல், புலப்பாட்டு மட்டம்" என்று போனால் இலக்கணச் சிக்கல் இல்லை, பாடநூலுக்கும் அழகாக இருக்கும். ஆனால் புலப்படுவது தானாகக் கண்ணில் படுவது மாதிரி ஒலிக்கிறது. தேடும் கை காணாமல் போகிறது. எனக்கு அந்தக் கை வேண்டும்.

"நல் ஹைப்பாதெசிஸ்" (பலனே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ளும் கருதுகோள்) பற்றி எனக்குச் சண்டை இல்லை, "இன்மைக் கருதுகோள்" போதும். சிலர் எழுதும் "சூனியக் கருதுகோள்" மட்டும் எங்கள் ஊரில் வேண்டாம். யாருக்கு யார் வைத்தது என்று கேட்பார்கள்.

சுருக்கத்தில் அந்த வரியை மாற்றிக் கொடுத்துவிட்டேன்: "இத்தனை பிள்ளைகளை வைத்துப் பார்த்ததில், இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தட்டுப்படவில்லை." படித்துவிட்டு ஆசிரியை, "அப்படின்னா இன்னும் ரெண்டு பள்ளியைச் சேர்த்துப் பார்க்கலாமா சார்?" என்றார். பெயர்ச்சொல்லுக்கு வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.