ஆரத் திசைவேகம் எப்போதும் 80 கி.மீ.க்கு மேல் கூடுதலாக வருகிறது: உதவி தேவை

நிறக்கோடு
வணக்கம். விண்மீன்களின் நிறமாலையிலிருந்து அவற்றின் ஆரத் திசைவேகத்தை, அதாவது அவை நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகத்தை, கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். ஹைட்ரஜன் கோட்டின் நடுப்பகுதி எந்த அலைநீளத்தில் இருக்கிறது என்று அளந்து, அதிலிருந்து ஓய்வு அலைநீளத்தை (ஒளிமூலம் நகராதபோது அந்தக் கோடு இருக்கும் அலைநீளம்) கழித்து, அந்த வேறுபாட்டை வேகமாக மாற்றும் டாப்ளர் சூத்திரத்தில் இடுகிறேன். எந்த விண்மீனை எடுத்தாலும் விடை நொடிக்கு 80 கி.மீ.க்கு மேல் கூடுதலாக வருகிறது. சூத்திரத்தில் தவறு இல்லை, பலமுறை சரிபார்த்துவிட்டேன். நாளை மறுநாள் அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். காரணம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வானோக்கி
பூமியின் ஓட்டத்தைக் கழித்தீர்களா? பூமி சூரியனை நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சுற்றுவதால், ஒரே விண்மீன் ஆண்டின் ஒரு பாதியில் நம்மை நெருங்குவதாகவும் மறுபாதியில் விலகுவதாகவும் தோன்றும். எந்த நாளில், வானின் எந்தத் திசையில் பார்த்தீர்கள் என்று சொல்லவில்லையே.

முப்பட்டகம்
கேள்வியில் பாதிச் செய்தி விடுபட்டிருக்கிறது. நிறமாலை நீங்களே எடுத்ததா, தரவுக் காப்பகத்திலிருந்து இறக்கியதா? எந்தெந்தக் கோடுகளை அளந்தீர்கள்? கூடுதல் என்றால் எதைவிடக் கூடுதல்? ஓய்வு அலைநீளமாக எந்த எண்ணை இட்டீர்கள்? பூமியின் ஓட்டம் ஒருபோதும் 80 கி.மீ. தராது, அதிலும், எல்லாத் திசைகளிலும் ஒரே குறியோடு தராது.

அடர்மீன்
நீங்கள் எடுத்துக்கொண்டவை எரிந்து முடிந்து சுருங்கிய, மிக அடர்த்தியான வெண்குறு விண்மீன்களாக இருக்குமா? அவற்றின் பரப்பில் ஈர்ப்பு மிக வலிமையானது என்பதால், வெளியேறும் ஒளி ஆற்றலை இழந்து சிவப்புப் பக்கம் நகர்கிறது. சிரியஸின் துணை விண்மீனான சிரியஸ் பி-யில் இந்த ஈர்ப்புச் செம்பெயர்ச்சி நொடிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. திசைவேகத்துக்கு ஈடானது. உங்கள் எண்ணும் அதுவும் இவ்வளவு நெருங்கி வருவதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அலைமானி
இத்தகைய கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் தருகிறேன். அளவீட்டில் இறங்கும் முன் உங்கள் கருவியின் பிரிதிறன் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரிதிறன் 2000 என்றால், ஒளியின் வேகத்தை அதனால் வகுக்க நொடிக்கு 150 கி.மீ. கிடைக்கும். அதற்கும் குறைவான 80 கி.மீ. வேறுபாட்டைப் பொருட்படுத்தவே தேவையில்லை. அடிப்படைப் பாடத்தைப் படித்துவிட்டு வந்தால் பாதிக் கேள்விகள் எழவே எழா.

நிறக்கோடு
பதில்களுக்கு நன்றி. தரவு ஸ்லோன் வானளவாய்வின் காப்பகத்தில் இறக்கியது. வெண்குறு விண்மீன்கள் அல்ல, எல்லாம் வெப்பம் மிகுந்த, சாதாரண ஏ வகை விண்மீன்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டாகத் தருகிறேன்: ஹைட்ரஜன் கோடுகளான எச்-ஆல்பா 6565.0, எச்-பீட்டா 4863.0, எச்-காமா 4341.9 ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). இவற்றிலிருந்து முறையே நொடிக்கு 100, 103, 99 கி.மீ. வருகிறது. காப்பகத்தின் பட்டியலோ 17 என்கிறது. மற்ற விண்மீன்களிலும் என் விடைக்கும் பட்டியலுக்கும் இடையே ஏறத்தாழ இதே வேறுபாடுதான். ஓய்வு அலைநீளங்கள் பாடநூலில் இருப்பவைதான்.

முப்பட்டகம்
இப்போது பேச முடியும். ஏ வகை விண்மீன் என்பதால் அடர்மீன் சொன்ன விளக்கம் பொருந்தாது. சூரியனிலேயே ஈர்ப்புச் செம்பெயர்ச்சி நொடிக்கு 0.6 கி.மீ. அளவில்தான் இருக்கிறது, சாதாரண ஏ வகை விண்மீனில் அது 80-ஐ எட்ட வழியில்லை.

அலைமானி ஐயா சொன்னதை நான் மறுக்கிறேன். பிரிதிறன் என்பது அடுத்தடுத்த இரு கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன். தனித்து நிற்கும் ஒரு கோட்டின் நடுவை அதைவிடப் பன்மடங்கு நுட்பமாகக் கண்டுபிடிக்கலாம்; அகன்ற குன்றாக இருந்தாலும் அதன் உச்சி எங்கே என்று சொல்ல முடிகிறதல்லவா? மேலும், இரைச்சலால் வரும் பிழை ஒருமுறை கூட்டும், ஒருமுறை குறைக்கும். எல்லா விண்மீன்களையும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளும் பிழைக்கு வேறு காரணம் இருந்தே தீர வேண்டும்.

அலைமானி
ஏட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஏ வகை விண்மீனில் பாமர் கோடுகள் எனப்படும் இந்த ஹைட்ரஜன் கோடுகள் எவ்வளவு அகலமானவை என்று நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மின்னூட்டத் துகள்களின் நெருக்கத்தால் அந்தக் கோடுகளின் சிறகுகள் பல பத்து ஆங்ஸ்ட்ராம் வரை விரிந்து கிடக்கின்றன. அதற்கு நடுவே ஒரு ஆங்ஸ்ட்ராமில் பத்தில் ஒரு பங்கு வரை எழுதிக் காட்டுவதை நான் அளவீடு என்று ஏற்கமாட்டேன்.

முப்பட்டகம்
சிறகு அகலமானதுதான், ஆனால் அந்த விரிவு இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருப்பதால் நடுப்புள்ளி அதிகம் நகராது. அவர் தந்திருக்கும் எண்களையே பாருங்கள்: விலகல் எச்-ஆல்பாவில் 2.2, எச்-பீட்டாவில் 1.67, எச்-காமாவில் 1.43 ஆங்ஸ்ட்ராம். அலைநீளம் குறையக் குறைய விலகலும் அதே விகிதத்தில் குறைகிறது. இரைச்சல் இவ்வளவு ஒழுங்காக வராது. அளவுகோல் முழுவதும் ஏதோ ஓர் எண்ணால் பெருக்கப்பட்டிருக்கிறது என்பதே என் முடிவு.

நிரலன்
பெருக்கல் என்றதும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தக் காப்பகத்தின் கோப்புகளில் அலைநீளம் மடக்கை வடிவில் இருக்கும். ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் இடையே மடக்கை 0.0001 கூடும். திசைவேகத்தில் அது நொடிக்கு 69 கி.மீ. உங்கள் நிரல் வரிசையை 0-இலிருந்து எண்ணுகிறதா, 1-இலிருந்து எண்ணுகிறதா? ஒரே ஒரு பிக்சல் தள்ளியிருந்தாலும் எல்லாக் கோடுகளும் இதே விகிதத்தில் நகரும். உங்கள் நிரலின் அந்தப் பகுதியை இங்கே ஒட்டுங்கள்.

பாமர்தடம்
நிறக்கோடு, இரண்டு செய்திகள் வேண்டும். பாடநூல் என்று மட்டும் சொல்லாமல், இட்ட எண்களைச் சொல்லுங்கள். அடுத்து, உங்கள் நிறமாலையில் 5577-ஐ ஒட்டி முள்ளைப் போல் கூர்மையாக ஏதேனும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரவு வானில் ஆக்சிஜன் அணுக்கள் வெளியிடும் பச்சைக் கோட்டின் எச்சம் அது. வான்பின்னணியைக் கழித்த பிறகும் பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சிவிடும். அதன் உச்சி எந்த எண்ணில் இருக்கிறது?

நிறக்கோடு
6562.8, 4861.33, 4340.47. முள் இருக்கிறது, 5579-ஐ ஒட்டிய புள்ளியில்.

பாமர்தடம்
அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. அந்தப் பச்சை ஒளி நம் தலைக்கு மேலே, ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் பிறக்கிறது. விண்மீன் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அதன் ஈர்ப்பு எவ்வளவு வலிமையாக இருந்தாலும், அந்தக் கோடு நகர முடியாது. அதுவும் சேர்ந்து நகர்ந்திருக்கிறது என்றால் பிழை விண்மீனில் இல்லை, அளவுகோலை நாம் படிக்கும் முறையில் இருக்கிறது. காப்பகம் சூரியனை மையமாக வைத்துத் திருத்தியிருப்பதால் அந்த முள் சற்று நகர்வது உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தம் அதிகபட்சம் அரை ஆங்ஸ்ட்ராம் அளவுதான் நகர்த்தும்.

அந்தப் பச்சைக் கோட்டின் அலைநீளம் காற்றில் 5577.34, வெற்றிடத்தில் 5578.89. ஸ்லோன் காப்பகம் தன் அலைநீளங்களை வெற்றிட மதிப்புகளாகத் தருகிறது. நீங்கள் இட்ட மூன்று எண்களும் காற்றில் அளந்தவை. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.00028, ஒளியின் வேகத்தை 0.00028-ஆல் பெருக்கினால் நொடிக்கு 84 கி.மீ. வருகிறது. உங்களைத் துரத்தும் எண் அதுதான். நிரலன் சொன்ன பிக்சல் பிழையாக இருந்தால் வேறுபாடு 69-ஐ ஒட்டி நின்றிருக்கும். உங்கள் வேறுபாடோ 83, 86, 82.

நிரலில் எதையும் மாற்ற வேண்டாம். ஓய்வு அலைநீளங்களை மட்டும் எச்-ஆல்பாவுக்கு 6564.61, எச்-பீட்டாவுக்கு 4862.68, எச்-காமாவுக்கு 4341.68 என்று மாற்றிப் பாருங்கள்.

வானோக்கி
இங்கே எனக்கு ஓர் ஐயம். தொலைநோக்கியும் நிறமாலைமானியும் காற்றில்தானே நிற்கின்றன? விண்மீனின் ஒளி வெற்றிடத்தைக் கடந்து வந்தாலும், கருவிக்குள் நுழையும்போது காற்றின் அலைநீளத்தில்தானே இருக்கும்? பிறகு எப்படிக் காப்பகம் வெற்றிட மதிப்பைத் தர முடிகிறது?

பாமர்தடம்
நல்ல கேள்வி. கருவி அலைநீளத்தை நேராகத் தருவதில்லை. கோடு எத்தனையாவது பிக்சலில் விழுந்தது என்பதை மட்டுமே தருகிறது. பாதரசம், நியான் போன்ற வாயு விளக்குகளின் ஒளியை அதே கருவிக்குள் செலுத்தி, அந்தக் கோடுகள் எந்தெந்தப் பிக்சல்களில் விழுகின்றன என்று குறித்துக்கொள்கிறார்கள். விளக்கின் ஒளியும் விண்மீனின் ஒளியும் ஒரே காற்றைக் கடந்து, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியை அடைவதால், காற்றின் விளைவு இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. பாதரசத்தின் பச்சைக் கோடு விழுந்த பிக்சலுக்கு 5460.75 என்று பெயரிட்டால் அளவுகோல் முழுவதும் காற்றுக்கு உரியதாகும். அதே பிக்சலுக்கு 5462.27 என்று பெயரிட்டால் முழுவதும் வெற்றிடத்துக்கு உரியதாகும். கருவி எங்கே நிற்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அலைமானி
கட்புல நிறமாலையியலில் காற்று அலைநீளமே மரபு. 200 முதல் 2000 நானோமீட்டர் வரை காற்று மதிப்பும் அதற்கு வெளியே வெற்றிட மதிப்பும் தருவதே பட்டியல்களின் வழக்கம். அந்த மரபை மதிக்காத காப்பகங்கள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஒளியியலைத் தொடங்கும் மாணவர்கள் முதலில் மரபைக் கற்க வேண்டும்.

முப்பட்டகம்
அந்த மரபு ஆய்வகத்துக்கு வசதியாக இருந்ததால் வந்தது. காற்றின் ஒளிவிலகல் எண் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பொறுத்து மாறும் என்பதால்தான், 15 பாகை செல்சியஸில் இயல்பு வளிமண்டல அழுத்தம் என்று ஒரு செந்தரக் காற்றை வரையறுக்க வேண்டியிருந்தது. அதோடு 200 நானோமீட்டர் எல்லையில் அளவுகோல் திடீரென ஒரு படி தாவுகிறது. அணுவின் ஆற்றல் மட்டங்களிலிருந்து கணக்கிட்டால் நேராகக் கிடைப்பது வெற்றிட மதிப்புதான். ஸ்லோன் அளவாய்வு தேர்ந்தெடுத்த வழியே தெளிவானது என்பேன். எந்த வழியானாலும், பட்டியலில் உள்ள எண் எந்த ஊடகத்துக்கு உரியது என்று பாடநூல்கள் ஒரு வரியில் குறிப்பிட்டாக வேண்டும்.

நிறக்கோடு
மாற்றினேன். 18, 20, 15 வருகிறது, பட்டியல் 17. மற்ற விண்மீன்களும் ஒத்துவருகின்றன. மிக்க நன்றி. ஒரு விண்மீனில் சோடியம் கோடுகள் மட்டும் ஹைட்ரஜனோடு ஒட்டாமல் வேறு திசைவேகம் காட்டுகின்றன. அதையும் சராசரியில் சேர்க்கலாமா?

பாமர்தடம்
முதலில், சோடியத்துக்கும் வெற்றிட மதிப்புகளான 5891.58, 5897.56 ஆகியவற்றையே இட்டீர்களா என்று பாருங்கள். அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால், அந்தக் கோடுகள் விண்மீனுக்கும் நமக்கும் இடையில் உள்ள வாயு மேகத்தில் உண்டானவையாக இருக்கலாம். வெப்பம் மிகுந்த ஏ வகை விண்மீனில் அதன் சொந்தச் சோடியம் மங்கலாகவே தெரியும் என்பதால் மேகத்தின் கோடு மேலோங்கிவிடும். 1904-இல் ஹார்ட்மான் டெல்டா ஓரியோனிஸ் என்ற இரட்டை விண்மீனை ஆராய்ந்தபோது, மற்றக் கோடுகள் எல்லாம் முன்னும் பின்னும் ஊசலாட, கால்சியத்தின் கே கோடு மட்டும் அந்த ஊசலாட்டத்தில் சேராமல் நிற்பதைக் கண்டார். விண்மீன்களுக்கு இடையே வாயு உண்டு என்பதற்குக் கிடைத்த தொடக்கச் சான்று அது. இரவு வானும் சோடிய ஒளியைக் கொஞ்சம் வெளியிடுவதால், அதன் எச்சம் கோட்டின் வடிவத்தைக் கெடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எனவே சராசரியில் சேர்க்க வேண்டாம். அறிக்கையில் சோடியத்தின் திசைவேகத்தைத் தனி வரியில் எழுதி, அதே திசையில் உள்ள வேறு விண்மீன்களிலும் அதே எண் வருகிறதா என்று ஒப்பிட்டுக் காட்டுங்கள்.