மறு: கார்னேஷன் 'ஸ்போர்ட்': தமிழ்ல என்ன போடலாம்? (திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது)

செ. எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். தோட்டக்கலை டிப்ளமோ பசங்களுக்கான கொய்மலர் பாடத்தைத் தமிழ்ப்படுத்திட்டு இருக்கேன், ரோஜா ஜெர்பெரா எல்லாம் முடிஞ்சு கார்னேஷன்ல வந்து மாட்டிக்கிட்டேன். புது நிற ரகம் எப்படி உருவாக்குறாங்கங்கற அத்தியாயம். கலப்பு, மகரந்தம், தேர்வு இதுக்கெல்லாம் சொல் இருக்கு, 'ஸ்போர்ட்'டுக்குத்தான் இல்ல. ஒரு செடியில எல்லாக் கிளையும் சிவப்பா பூத்துட்டு இருக்கும்போது ஒரே ஒரு கிளை மட்டும் வெள்ளையாவோ ஆரஞ்சாவோ பூக்கும், அதைக் கிள்ளி வேர்பிடிக்க வெச்சா புது ரகம். அந்த மாற்றத்துக்கும் அந்தக் கிளைக்கும் சேத்து அது ஒரே பேரு. 1930கள் கடைசியில அமெரிக்காவுல மெயின் மாநிலத்துல வில்லியம் சிம்னு ஒருத்தர் உருவாக்கின சிவப்பு கார்னேஷன்லேர்ந்து வெள்ளை சிம், டேஞ்சரின் சிம், வெள்ளையில சிவப்பு வரி ஓடுற ஆர்தர் சிம்னு ஒரு வம்சமே இப்படி வந்திருக்கு, யாரும் கலப்பு பண்ணாமலே.

எனக்கு முன்னாடி இதைத் தொட்டவர் "வெள்ளை சிம் என்பது சிவப்பு சிம்மின் விளையாட்டு ஆகும்"னு எழுதி வெச்சிருக்கார். சிரிச்சு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது எனக்கும் வேற சொல் வரலன்னு. உதவுங்க.

வி. எழுதினது:

மியூட்டேஷனுக்குப் பாடநூல்ல 'சடுதி மாற்றம்' இருக்கே அக்கா, 'மொட்டுச் சடுதி மாற்றம்'னு போட்டா முடிஞ்சுது.

செ. எழுதினது:

தம்பி, ஒரே பக்கத்துல பதினோரு தடவ வருது. பதினோரு தடவ 'மொட்டுச் சடுதி மாற்றம்'னு படிச்சா பையன் பூவையே வெறுத்துருவான். அப்புறம் அந்தக் கிளையை என்னன்னு சொல்றது, 'மொட்டுச் சடுதி மாற்றக் கிளை'யா?

புலவர் ஐயா எழுதினது:

விளையாட்டுன்னு போட்டவரைப் பாத்து சிரிக்க வேண்டாம் அம்மா. ஆங்கிலத்துல அந்தச் சொல்லே இயற்கையோட விளையாட்டுங்கற பொருள்லதான் வந்தது, லத்தீன்ல 'லூசுஸ் நாத்தூரே'ன்னு சொல்லுவாங்க. நமக்கும் அது புதுசில்ல, கம்பர் கடவுள் வாழ்த்துலயே அலகிலா விளையாட்டு வந்துடுது. ஆனா மாணவனுக்கு ஆகாதுங்கறது சரிதான்.

என் பரிந்துரை வேற. நன்னூலை எடுங்க. விகாரம் மூணு: தோன்றல், திரிதல், கெடுதல். சிவப்பு போய் வெள்ளையாச்சா, நிறம் கெட்டது, கெடுதல் விகாரம். மரம் + வேர் மரவேர் ஆகும்போது மகரம் போச்சே, அது மாதிரி. சிவப்பு ஆரஞ்சாச்சா, ஒண்ணு இன்னொண்ணாச்சு, திரிதல். பவணந்தி முனிவர் கார்னேஷனைப் பாக்கல, ஆனா வகைப்பாட்டைச் செஞ்சு வெச்சுட்டுப் போயிட்டார். 'மொட்டு விகாரம்'னு போடுங்க.

வி. எழுதினது:

ஐயா, அது புணர்ச்சி விகாரம் இல்லையா? இங்க பிரச்சினையே புணர்ச்சி இல்லாம வந்ததுதான் :)

புலவர் ஐயா எழுதினது:

குறும்பு. செய்யுள் விகாரம்னு ஒண்ணு இருக்கே, வலித்தல் மெலித்தல் நீட்டல் குறுக்கல்னு, அதுக்கு ரெண்டு சொல் சேரணும்னு அவசியமில்ல. தனிச்சொல்லுக்குள்ளயே நடக்கும். தனிச்செடிக்குள்ள நடக்கறது அதுதான். உமக்கே விடை கிடைச்சிருக்கும், கொஞ்சம் படிச்சிருந்தா.

ப. (யாழ்ப்பாணம்) எழுதினது:

எங்கட உயிரியல் பாடப்புத்தகத்தில மியூட்டேஷனுக்கு விகாரம் எண்டுதான் கன காலமாப் படிக்கிறம், மாறின உயிருக்கு விகாரி. நீங்கள் ஏன் சடுதி, திடீர் எண்டு கஷ்டப்படுறியள் எண்டு எனக்கு விளங்கேல்ல. மொட்டு விகாரம், கிளைக்கு மொட்டு விகாரி. முடிஞ்சுது.

கோத்தகிரிக்காரர் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பத்து வருசமா பாலிஹவுஸ்ல கார்னேஷன் போடறேன், அதனால ஒரு வார்த்தை சொல்றேனுங்க. விகாரம்னா எங்க பக்கம் பாக்கச் சகிக்காததுன்னு அர்த்தம். பூ விக்கிறவன் போய் இது விகாரப் பூன்னு சொன்னா எவன் வாங்குவான்? நாத்து குடுக்கற கம்பெனிக்காரங்க 'ஸ்போர்ட்'னுதான் சொல்றாங்க, நாங்களும் அதையே சொல்லிக்குவோம், ஆனா வேலைக்கு வர்ற அக்காமாருக்கு அது 'கலவன்'. நெல்லு வயல்ல வேத்து ரகம் முளைச்சா கலவன்னு பிடுங்கிப் போடுவாங்கல்ல, அதே கண்ணோடதான் இங்கயும் பாப்பாங்க.

போன மாசம் ரெண்டாம் பாத்தியில வெள்ளைச் செடி ஒண்ணுல ஒரு கெளை மட்டும் ரோஸ் ஓரம் வெச்சு பூத்துச்சுங்க, இதழ் விளிம்புல மட்டும், பேனாவுல கோடு இழுத்த மாதிரி. நான் பாத்துட்டு போன் எடுக்கப் போனேன், திரும்பி வர்றதுக்குள்ள அந்தம்மா பக்க மொட்டு ஒடிக்கற வேகத்துல அதையும் அடியோட ஒடிச்சு கூடையில போட்டுருச்சு. கேட்டா "கலவன் சார், கட்டுல ஒண்ணு கலந்தா ரேட்டு போயிரும்"னாங்க. அவங்க சொல்றதும் நியாயந்தானுங்க, இருபது பூ ஒரு கட்டு, ஒரே கலரா இருக்கணும். கலவனுக்கும் ஸ்போர்ட்டுக்கும் பூவுல வித்தியாசம் இல்லைங்க, கூடைக்குப் போச்சா மணலுக்குப் போச்சாங்கறதுதான்.

செ. எழுதினது:

அண்ணா, இதை அப்படியே பாடத்துல பெட்டிச் செய்தியா போட்டுக்கட்டுமா? 'மணலுக்குப் போச்சா'ங்கறது வேர்விட வைக்கறதுதானே?

கோத்தகிரிக்காரர் எழுதினது:

ஆமாங்க. தாராளமா போடுங்க, பேர் வேண்டாம்.

வி. எழுதினது:

நான் 'கலவன்'னுதான் போடணும்னு சொல்லுவேன், மக்கள் சொல்.

புலவர் ஐயா எழுதினது:

கலவன்ங்கறது வெளியிலேர்ந்து வந்து கலந்தது. இது சொந்த வயித்துல பொறந்தது. பெத்த புள்ளையைக் களைன்னு சொல்றதா?

வி. எழுதினது:

சரி ஐயா, அப்ப இன்னொண்ணு, இது இன்னும் சிக்கல். வெள்ளை சிம் முழுசா வெள்ளை இல்ல. மேல்தோல் அடுக்கு மட்டும்தான் நிறத்தை விட்டுருக்கு, உள்ள பழைய சிவப்பு அப்படியே உக்காந்திருக்கு. 1957ல வந்த ஒரு ஆய்வுல எக்ஸ்ரே அடிச்சுப் பாத்திருக்காங்க, மேலடுக்கு அடிபட்டு உள்ளடுக்கு செல் வெளிய வந்த இடத்துல மறுபடி சிவப்பு பூத்துடுச்சு. சிவப்பு முள்ளங்கியைத் திருப்பிப் போட்ட மாதிரி. இந்த ரெட்டை உடம்புக்கு 'கைமெரா'னு பேரு, சிங்கம் ஆடு பாம்பு மூணும் ஒட்டின கிரேக்க மிருகம். நம்ம கோயில் தூண்லயே அதுக்குச் சொல் இருக்கு: யாளி! யாளிச்செடி!! கெடுதல்னு ஐயா சொன்னது அதனால பாதிதான் சரி, நிறம் கெடல, ஒளிஞ்சிருக்கு.

புலவர் ஐயா எழுதினது:

யாளி அருமை. மறுபேச்சில்ல. கெட்டுப் போன எழுத்து பொருள் கொள்ளும்போது திரும்பி வரும், அதனால கெடுதலும் நிக்கும். தோன்றலுக்கு எடுத்துக்காட்டு கிடைச்சா சொல்லுங்க, மூணும் நிறைஞ்சுடும்.

செ. எழுதினது:

அடுத்த பகுதியில இருக்கு ஐயா, ஆனா அது ஸ்போர்ட் இல்ல. கார்னேஷன்ல டெல்ஃபினிடின்ங்கற நிறமியே கிடையாது, அதனால எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் நீலப்பக்கம் போகாது. மெல்போர்ன்ல ஒரு கம்பெனியும் ஜப்பான் சன்டோரியும் சேந்து பெட்டூனியாவோட மரபணுவை உள்ள வெச்சு, 1996ல 'மூன்டஸ்ட்'னு ஆஸ்திரேலியாவுல விக்க விட்டாங்க. நீலம்னு விளம்பரம், பாத்தா நம்ம கத்திரிப்பூ கலர்தான்.

புலவர் ஐயா எழுதினது:

அதுதான் தோன்றல்! மணி + அடி மணியடி. வெளியிலேர்ந்து யகரம் வந்து நடுவுல உக்காந்துச்சு. பெட்டூனியா மரபணு ஓர் உடம்படுமெய்!

ப. (யாழ்ப்பாணம்) எழுதினது:

ஐயா, நாளைக்கு ஞாயிறு. அக்காக்குத் திங்கள் அச்சு. இன்னும் நாங்கள் நன்னூலில நிக்கிறம்.

செ. எழுதினது:

நன்றி ப. எனக்கு இப்ப 'மொட்டுத்திரிபு'ன்னு போடலாமான்னு தோணுது. ரெண்டு சொல், சொன்னா புரியுது, கிளைக்கு 'திரிபுக்கிளை'. விகாரம் இலங்கைக்குச் சரி, இங்க கோத்தகிரி அண்ணன் சொன்ன சங்கடம் நிஜம். பிறழ்வுன்னு போட்டா பிறழ்சாட்சி ஞாபகம் வருது. 'ஸ்போர்ட்'டையே தமிழ் எழுத்துல போட்டுடலாம்னு ஆசையாத்தான் இருக்கு, ஆனா பசங்க கேள்வித்தாள்ல மறுபடி விளையாட்டுன்னு எழுதிடுவாங்க.

வி. எழுதினது:

திரிபுன்னா பால் திரிஞ்சு போச்சுங்கறது வரும். வரலாற்றுத் திரிபும் வரும். இருந்தாலும் சரி, ஓட்டு போடறேன். யாளி மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

புலவர் ஐயா எழுதினது:

திரிதல் மூணுல ஒண்ணுதான், மரத்துக்குக் கிளைன்னு பேர் வெக்கற மாதிரி இருக்கு. என் மறுப்பைப் பதிஞ்சுக்கோங்க. எழுதறது நீங்க, உங்க இஷ்டம்.

ப. (யாழ்ப்பாணம்) எழுதினது:

அடிக்குறிப்பில 'இலங்கை வழக்கு: மொட்டு விகாரம்' எண்டு போட்டாச் சரி. நான் சண்டைக்கு வரேல்ல.

செ. எழுதினது:

போட்டுட்டேன். மொட்டுத்திரிபு, அடிக்குறிப்புல விகாரம். யாளிச்செடி பெட்டிக்குள்ள இருக்கு, மேல இருக்கறவங்க வெட்டினா நான் பொறுப்பில்ல. காலைல பத்து மணிக்குக் கோப்பு போகுது.

கோத்தகிரிக்காரர் எழுதினது:

தாமதத்துக்கு மன்னிக்கணுமுங்க, இங்க மழை, கரெண்ட் இல்ல. அதே செடியில கீழ்க் கணுவுல இன்னொரு குருத்து வந்திருக்கு, மறுபடி ரோஸ் ஓரம் வருமான்னு பூத்தாத்தான் தெரியும். இந்தத் தடவ ஒடிச்சுராம இருக்க சிவப்பு உல்லன் நூல் ஒண்ணு கட்டி விட்டேன். நீங்க சொன்ன மொட்டுத்திரிபை அக்காமாருகிட்ட சொல்லிப் பாத்தேனுங்க, ஒருத்தரும் வாயில நுழைக்கல. "அந்த நூல்காரிக்குத் தண்ணி விட்டாச்சு சார்"னு சாயங்காலம் ஒரு அம்மா சொல்லிட்டுப் போறாங்க. அச்சுக்குப் போயிருச்சுங்களா?

செ. எழுதினது:

போயிடுச்சுண்ணா :(