1345 பசலி உயில் வில்லங்கத்துல வரலை – எங்கே தேடுறது? (கீழக்கரை)

கரையோரத்தான்:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். குடும்ப வமிசாவளி எழுதிட்டு இருக்கேன். பூட்டனாருக்கு மேல பேர் சொல்ல வீட்டுல ஆள் இல்லை. கையில இருக்கிறது கீழக்கரை வீட்டோட 1958 செட்டில்மென்ட் பத்திரம். அதுல "எனது தகப்பனார் 1345-ம் பசலியில் எழுதிவைத்த உயில் சாசனப்படி எனக்குப் பாத்தியப்பட்ட" அப்படின்னு ஒரு வரி. வாப்பாவோட வாப்பா வழியில தெரிஞ்ச பேரெல்லாம் வச்சு ஆன்லைன்ல வில்லங்கச் சான்று போட்டேன், ஒண்ணும் இல்லை. உயில் பதிவே ஆகலையா? இன்னொரு கிழிஞ்ச தாள்ல "மதுரை ஜில்லா ராமநாதபுரம் தாலுகா"ன்னு இருக்கு. நாங்க மதுரைக்காரங்களா?

பத்திர எழுத்தர்:
வில்லங்கத்துல உயில் வராது தம்பி. வில்லங்கம் பாக்குறது பதிவு ஆபீஸோட 1-ம் புத்தகத்துல (பதிவேடு), அதாவது கிரயம், அடமானம், செட்டில்மென்ட். உயில் ஏறுறது 3-ம் புத்தகம். சார்பதிவாளர் ஆபீஸ்ல தனியா மனு போட்டுத்தான் தேடணும். எழுதினவர் உயிரோட இருக்கிற வரைக்கும் நகல் அவருக்கு மட்டும்தான்; காலமான பிறகு யார் கேட்டாலும் கொடுக்கணும், பதிவுச் சட்டம் 57-வது பிரிவு. இறப்புக்கு ஆதாரம் கேப்பாங்க, ரெடியா வைங்க.

பசலிங்கிறது ஜூலையில ஆரம்பிக்கிற வருவாய்க் கணக்கு வருஷம்; அதோட 590 கூட்டினா இங்கிலீஷ் வருஷம் வரும். 1935 ஜூலையில இருந்து 1936 ஜூன் வரை. அது எழுதின வருஷம்தான். உயிலைப் பதிய காலக்கெடு கிடையாது, எழுதினவர் இறந்த பிறகும் பதியலாம். அதனால பின்னாடி வருஷங்களையும் பாருங்க. பதியாத உயிலும் செல்லும்கிறதையும் மனசுல வைங்க.

மதுரை விஷயம்: ராமநாதபுரம் ஜில்லா 1910-லதான் பிரிஞ்சுது, அதுக்கு முன்னால நம்ம கரையெல்லாம் மதுரை ஜில்லா. அந்தத் தாள் அந்தக் காலத்தோடதா இருக்கும். தயவுசெஞ்சு லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க.

பெரியபட்டினம் லாத்தா:
1958 பத்திரத்தை எழுதிக் கொடுத்தது யாரு? ஆம்பளையா, பொம்பளையா?

கரையோரத்தான்:
பொம்பளை பேர் லாத்தா. வாப்பாவோட உம்மாவுக்கு அவங்க உம்மா எழுதிக் கொடுத்தது.

பெரியபட்டினம் லாத்தா:
அப்ப நீங்க தேடுற ஆளே வேற. கீழக்கரையில வீடு பொம்பளப் பிள்ளைக்குத்தானே போகும், மாப்பிள்ளை அங்க வந்து இருப்பாரு. உயில் எழுதினவர், 1958 பத்திரத்தை எழுதிக் கொடுத்த அந்த உம்மாவோட வாப்பா. ஆம்பளை வழிப் பேர்ல எத்தனை தடவை போட்டாலும் வராது. முதல்ல ஜமாஅத்துல நிக்காஹ் தஃப்தர் (கல்யாணப் பதிவேடு) கேளுங்க. பொண்ணு பேரோட அவங்க வாப்பா பேரும் சாட்சிகள் பேரும் இருக்கும். சாட்சிக்கு நிக்கிறவங்க பெரும்பாலும் சொந்தக்காரங்கதான்.

பத்திர எழுத்தர்:
லாத்தா சொன்னதுதான் சரி. ஒண்ணு சேர்த்துக்குறேன். முஸ்லிம் சட்டப்படி மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது; வாரிசுக்கே எழுதினா, மத்த வாரிசுங்க எழுதினவர் மவுத்துக்கு (இறப்புக்கு) பிறகு சம்மதிக்கணும். மகளுக்கு வீடு போயிருக்குன்னா, அவங்க கூடப்பிறந்தவங்க தங்க பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. அது 1-ம் புத்தகம். கிடைச்சா அத்தனை பேரும் "இன்னார் குமாரர்"னு வரிசையா இருப்பாங்க. உங்களுக்கு உயிலை விட அதுதான் லாபம். ஆன்லைன் அவ்வளவு பின்னாடி போகாது, மேனுவலா தேடச் சொல்லுங்க. பேரைச் செய்யது, சையது, செய்யிதுன்னு மூணு விதமாவும் எழுதிக் கொடுங்க.

கரையோரத்தான்:
ஜஸாக்கல்லாஹ், லாத்தாவுக்கும் அண்ணனுக்கும். உயில் எழுதினவர் கொழும்புல வியாபாரம் பண்ணி அங்கேயே மவுத்தானதா சொல்வாங்க. இறப்புச் சான்றுக்கு என்ன பண்றது?

பெரியபட்டினம் லாத்தா:
இலங்கை பதிவாளர் நாயகம் திணைக்களத்துல கேக்கணும். வருஷமும் இடமும் தோராயமாவாவது தெரியணும். தஃப்தரைப் பார்த்துட்டு அந்தப் பேரோட வாங்க, மேற்கொண்டு சொல்றேன்.