ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை: வீட்டுப்பாடம் எவ்வளவு, எப்படி? – அனுபவப் பகிர்வு

வகுப்பாசிரியர், மன்னார்குடி பக்கம்:
ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே டீச்சர். ஆறாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒருவர். "அரை மணி நேர வேலைதானே" என்று ஐந்து பேரும் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டரை மணி நேரம் போய்விடும். அன்றைய வீட்டுப்பாடத்தைக் கரும்பலகை ஓரத்தில் அழிக்காமல் விட்டுவையுங்கள். அடுத்து வருபவர் பார்த்துக் குறைத்துக்கொள்வார். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். கணக்கு மட்டும் தினமும், மூன்றே மூன்று.

கணக்கு ஆசிரியர், திருவாரூர்:
மூன்று கணக்கு சரிதான் சார். ஆனால் எந்த மூன்று என்பதுதான் முக்கியம். பரப்பளவு நடத்தும்போது நம் ஊர் அளவையே கொடுக்கலாம். 12 அடிக் கோலில் பக்கத்துக்கு ஒரு கோல் அளந்தால் ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா எத்தனை சதுர அடி என்று கேட்டால், பலர் 12 அடி என்றதும் 100-ஐ 12-ஆல் பெருக்கி 1,200 என்று எழுதுவார்கள். சரியான விடை 14,400. நீளத்தைப் பரப்பாக நினைப்பதால் வரும் பிழை இது. தரையில் சாக்பீஸால் ஓர் அடிக்கு ஓர் அடி கட்டம் போடச் சொல்லி, பக்கத்துக்கு 12 கட்டம் வந்தால் மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். அப்புறம் அந்தப் பிழை வராது.

இன்னொரு சிக்கல். வீட்டில் "மூணு மா ஒரு ஏக்கர்" என்பார்கள். மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. பிள்ளை 43,200 என்று எழுதிவந்தால் வெறுமனே தப்புக் குறி போடாமல், 360 சதுர அடி ஏன் இடிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடையாது.

ஏழாம் வகுப்பில் நேர், எதிர் விகிதம். 12 பேர் 5 நாளில் நடவு முடித்தால் 15 பேருக்கு எத்தனை நாள்? நேர் விகிதமாகப் போட்டு 6.25 என்று வருவார்கள். முதல் வரியிலேயே "ஆள் கூடினால் நாள் குறையும்" என்று எழுதவைத்துவிட்டால் போதும்: 12×5=60, 60÷15=4.

தமிழாசிரியை, கும்பகோணம்:
பிழையான சொல்லைப் பத்து தடவை எழுதச் சொல்வதால் பயனில்லை. முதல் வரியில் 'குறுவை'யை 'குருவை' என்று எழுதிய பிள்ளை மற்ற ஒன்பதையும் அதைப் பார்த்துத்தான் எழுதும். பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுவதால் 'உழவு' நோட்டில் 'உளவு' ஆகிறது, பொருளே மாறிப்போகிறது. தினம் ஐந்து சொல் போதும்: களை–கலை, குளம்–குலம் என்று இணையாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். வீட்டில் யாராவது வாசிக்க, பிள்ளை பார்க்காமல் எழுத வேண்டும்.

சமூக அறிவியல், நாகப்பட்டினம்:
வரைபட வேலையில் பெயர் குறிப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஆற்றுக்கு ஆறு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பவானி, நொய்யல், அமராவதி காவிரியை நோக்கி வரும், அவை துணையாறுகள். முக்கொம்பில் கொள்ளிடமும், கல்லணையில் வெண்ணாறும் காவிரியை விட்டுப் பிரியும், அவை கிளையாறுகள். டெல்டாப் பிள்ளைகள் தினம் பார்ப்பது கிளையாறுதான். ஆனாலும் எல்லாவற்றையும் துணையாறு என்றே மனப்பாடம் செய்வார்கள். அம்புக்குறி போட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். மேட்டூர் அணையை டெல்டாவுக்குள் குறிப்பவர்களும் உண்டு. சேலம் மாவட்ட எல்லையை முதலில் வரையவைக்கலாம்.

வகுப்பாசிரியர், மன்னார்குடி பக்கம்:
பெற்றோருக்கு ஒன்று. வளரறி மதிப்பீட்டு (பாடம் நடக்கும்போதே போடும்) 40 மதிப்பெண்ணில் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20. அந்தச் செயல்பாட்டுக்காகக் கடையில் படம் வாங்கி நீங்களே சார்ட் ஒட்டித் தராதீர்கள். பிள்ளை கையால் வரைந்த கோணல் வரைபடமே போதும். ஆனால் அதைப் பற்றி நான்கு கேள்வி கேட்போம், பதில் சொல்லத் தெரிய வேண்டும்.