மூட்டுவலிக்கு மஞ்சள் கேப்சூல், தலைவலிக்கு ஃபீவர்ஃபியூ: ஸ்டென்ட் வைத்த அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கரிசல்காடு:
அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இரண்டு மாதத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75 தினமும் போகிறது. அதனால் வலிக்குப் பாராசிட்டமால் தவிர வேறு எதையும் டாக்டர் எழுதுவதில்லை. ஸ்டென்ட்டுக்குப் பிறகு தலைவலியும் சேர்ந்துகொண்டது. ஆன்லைனில் பார்த்தது: 'குர்குமின் 95%, 500 மி.கி., பைப்பரினுடன்' என்று ஒரு கேப்சூல், தலைவலிக்கு ஃபீவர்ஃபியூ என்ற மூலிகை இன்னொன்று. வீட்டு மஞ்சள் தூளுக்கும் இந்தக் கேப்சூலுக்கும் என்ன வித்தியாசம்? இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளோடு இவற்றைக் கொடுக்கலாமா? முடியாது என்றால் வேறு என்ன செய்யலாம்?

மருந்துப்பலகை:
கேப்சூலை வாங்காதீர்கள். காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம்.

மஞ்சளின் முக்கியச் சத்துதான் குர்குமின்; மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்றால் கிடைப்பது 90 மி.கி. நீங்கள் சொல்லும் கேப்சூல் ஒன்றில் 475 மி.கி. அதாவது ஒரே வாயில் ஐந்து டீஸ்பூன் மஞ்சள். சமையல் மஞ்சளை வைத்து இதன் பாதுகாப்பை எடைபோட முடியாது. (லேபிளில் 'மஞ்சள் தூள் 500 மி.கி.' என்று மட்டும் இருந்தால் உள்ளே இருக்கும் குர்குமின் வெறும் 15 மி.கி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி டப்பாவில் விற்கின்றன.)

அடுத்தது பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து. 1998-ல் பெங்களூருவில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. எல்லா டப்பாவிலும் அச்சிடுவது இந்த எண்தான். தனியாகக் கொடுத்த குர்குமின் இரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைவு என்பதையும், கூடியதும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தான் என்பதையும் யாரும் அச்சிடுவதில்லை. கல்லீரல் ஒரு பொருளை வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் மந்தமாக்குகிறது. அது குர்குமினோடு நிற்காது. ஃபெனிடாய்ன் (வலிப்பு), புரோப்ரனலால் (இரத்த அழுத்தம்), தியோஃபிலின் (ஆஸ்துமா) போன்ற மருந்துகளின் அளவுகளும் அதனால் இரத்தத்தில் ஏறுகின்றன.

இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைத் தளர்த்தும் தன்மை குர்குமினுக்கே உண்டு. ஏற்கெனவே இரண்டு மாத்திரை அதே வேலையைச் செய்யும் உடம்பில் மூன்றாவதைச் சேர்ப்பது இரத்தக்கசிவை அழைப்பதுதான். குழம்பிலும் பாலிலும் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டாம்.

மூட்டுநலம்:
மஞ்சளுக்குச் சேர வேண்டிய பெயரையும் கொடுத்துவிட வேண்டும். 2014-ல் தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் 1500 மி.கி. மஞ்சள் சாறு நான்கு வாரத்தில் 1200 மி.கி. ஐபுப்ரோஃபென் அளவுக்கு வலியைக் குறைத்தது. வயிற்று உபாதையும் குறைவு. வேறு மருந்து எதுவும் சாப்பிடாத ஒருவர் சாப்பாட்டோடு எடுத்து, ஆறு வாரம் பார்த்து, பலன் இல்லையென்றால் விட்டுவிடலாம். பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் இருந்தால் வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் உண்மை. அமெரிக்காவில் மஞ்சளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2022-ல் தொகுக்கப்பட்ட பத்து பேரில் ஐவர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பெரும்பாலும் தொடங்கிச் சில மாதங்களில் வருகிறது. பசியின்மை, அரிப்பு, டீ நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்தி எல்எஃப்டி (கல்லீரல் இரத்தச் சோதனை) எடுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு வெளிப்பூச்சுதான் சரி. மிளகாயின் கேப்சைசின் 0.025% கிரீம், பட்டாணி அளவு, தினம் மூன்று நான்கு வேளை. முதல் வாரம் எரியும். எரிகிறது என்று இரண்டே நாளில் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விட்டு விட்டுப் போட்டால் எரிச்சல் மட்டும் மிஞ்சும், ஏனென்றால் வலியைக் கடத்தும் நரம்பு நுனிகள் ஓய்வதற்குத் தொடர்ந்து இரண்டு வாரமாவது தேவை. கையுறை போட்டுத் தடவுங்கள். வெந்நீர்க் குளியலுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி, மேலே வெந்நீர் ஒத்தடமோ இறுக்கக் கட்டோ கூடாது.

'மூட்டுவலிக் கூட்டு' என்று பத்து மூலிகை கலந்து விற்பதில் வில்லோ பட்டை இருக்கிறதா பாருங்கள். அதன் சாலிசின் ஆஸ்பிரினின் உறவு. மூட்டுவலிக்கான மரப்பிசின் சல்லகி (போஸ்வெல்லியா செராட்டா) கேட்டுப் போனால் தாவரப் பெயரைச் சொல்லி வாங்க வேண்டும். குங்கிலியம், சாம்பிராணி என்ற பெயர்களில் வெவ்வேறு மரப்பிசின்கள் விற்கின்றன. லேபிள் இல்லாத பொடி இரண்டே நாளில் வலியைத் துடைத்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம். ஆர்ட்ரி கிங் என்ற 'இயற்கை' மாத்திரையில் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-ல் எச்சரித்தது. அப்படி ஒன்றை வாரக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி அதற்குள் தூங்கிப்போயிருக்கும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சுக்குத்திப்பிலி:
ஃபீவர்ஃபியூ வந்த தலைவலியை நிறுத்தும் மருந்தல்ல. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க மாதக்கணக்கில் எடுப்பது, திடீரென்று விட்டால் தலைவலி திரும்ப வரும். இதுவும் தட்டணுக்களைத் தொடுவது, ஆகவே அம்மாவுக்கு வேண்டாம். இதன் தாவரப் பெயர் டனாசிட்டம் பார்த்தீனியம். பெயரைப் பார்த்துவிட்டு ரோட்டோரப் பார்த்தீனியத்தைப் பறித்துவிடாதீர்கள், அது தோலைப் புண்ணாக்கும் களை. ஒற்றைத் தலைவலிக்கு விற்கும் இன்னொரு மூலிகையான பட்டர்பரும் வேண்டாம். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2012-ல் பரிந்துரைத்துவிட்டு, கல்லீரல் பயத்தால் 2015-ல் திரும்பப் பெற்றது.

சுக்குப் பற்று போடலாம். உரைகல்லில் தண்ணீர் விட்டு இழைத்து, நெற்றியில் மெல்லியதாக, கண்ணிலிருந்து இரண்டு விரல் தள்ளி. காய்ந்து வெடிக்கும் முன், 15 நிமிடத்தில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தைலம் தடவிய இடத்தில் போட்டால் தோல் கன்றிப்போகும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. ஸ்டென்ட்டுக்குப் பிறகு தொடங்கிய தலைவலி என்கிறீர்கள். நெஞ்சுவலிக்கான ஐசோசார்பைட் அல்லது நிகோராண்டில் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? எத்தனை மணிக்கு வலிக்கிறது?

கரிசல்காடு:
ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் 30, காலை எட்டு மணிக்கு. வலி பத்து மணிவாக்கில் வருகிறது, இரண்டு நெற்றிப்பொட்டிலும் விண் விண் என்று.

மருந்துப்பலகை:
அப்படியென்றால் பெரும்பாலும் அந்த மாத்திரையின் வேலைதான். அது நைட்ரேட் வகை; நைட்ரேட் இதயக் குழாயை விரிப்பது போலவே தலையின் இரத்தக் குழாயையும் விரிக்கும். பலருக்குச் சில வாரத்தில் பழகிவிடும். இரண்டு மாதமாகியும் போகவில்லை என்றால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். நீங்களாக நிறுத்தாதீர்கள், நெஞ்சுவலி திரும்பும். மாத்திரை நேரம், வலி வந்த நேரம், எத்தனை பாராசிட்டமால் என்று இரண்டு வாரம் எழுதி இதய டாக்டரிடம் காட்டுங்கள். பாராசிட்டமால் மாதத்தில் 15 நாளைத் தொட்டால் அதுவே தலைவலியை நீட்டும். முழங்காலுக்குப் போடுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

சுக்குத்திப்பிலி:
ஒன்று மட்டும் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். சாப்பிடும்போது தாடை வலிக்கிறதா, தலை வாரினால் உச்சந்தலை நோகிறதா, பார்வை மங்குகிறதா? 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலியோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சியாக இருக்கலாம். இரண்டு வாரக் குறிப்புக்குக் காத்திராமல் அன்றே போய் ஈஎஸ்ஆர், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகள்) பார்க்க வேண்டும். தாமதித்தால் கண் போகும்.