‘ஒர்க்கிங் கண்டிஷன்’ என்று வாங்கிய பிபிசி மைக்ரோ

1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டம் தொடங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினியில்தான் முதன்முதலாக விசைப்பலகையைத் தொட்டேன். வாரம் ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு நாலு பேர். அதனால் போன ஆடியில் ஆன்லைனில் ஒன்று விற்பனைக்கு வந்ததும் மனசு நிற்கவில்லை. “நல்ல ஒர்க்கிங் கண்டிஷன் சார், ஆன் ஆகுது” என்றார் விற்றவர். திரை எரியும் படமும் அனுப்பினார். உள்ளே திறந்து ஒரு படம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மலையேறிக் குன்னூர் வந்து சேர்ந்தபோது அட்டைப்பெட்டியே நசநசவென்று இருந்தது. அன்று மாலையே பிளக்கைச் சொருகினேன். நீளமாக ஒரு தாழ்ந்த ஒலி, பிறகு சின்ன ‘பீப்’. ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்று எழுத்து வந்தது. கண் கலங்கிவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ‘பட்’டென்று சத்தம், புகை, மூக்கைத் துளைக்கும் நாற்றம். ஜன்னலைத் திறந்தால் வெளியே இருந்த மேகமும் உள்ளே வருகிறது. எது புகை, எது மேகம் என்றே தெரியவில்லை.

‘ஃபிக்ஸ்’ என்று எழுதியிருக்கும் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். பவர் சப்ளைக்குள், மெயின்ஸ் வந்து சேரும் இடத்தில், தேன் நிறக் காகிதக் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) ஒன்று கருகிப் பிளந்திருந்தது. அதன் மேலோட்டில் வருஷக்கணக்கில் மயிரிழை வெடிப்பு விடும், உள்ளிருக்கும் காகிதம் ஈரத்தைக் குடிக்கும், 230 வோல்ட் ஏறியதும் ஷார்ட் ஆகும். நல்லவேளை, போர்டு தப்பியது. மெயின்ஸில் போடத் தகுந்த எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டதும் மறுபடி உயிர் வந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, எட்டு விசை வேலை செய்யவில்லை. கேட்டால், “பழைய பொருள் சார், ரிட்டர்ன் கிடையாது.” எனக்கு ஆத்திரம் அதில்தான். பழுது என்று சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன். சொருகுவதற்கு முன்னால் திறந்தாவது பார்த்திருப்பேன்.

கொடைக்கானலிலிருந்து மறுமொழி:

எனக்கும் இதே கதைதான் அண்ணா. 1990-ல் வந்த ஆப்பிள் கணினி, மெக்கின்டாஷ் கிளாசிக். விற்றவர் அனுப்பிய படத்தில், சரியாக ஆன் ஆனால் திரையில் வரும் சிரித்த முகம், வீட்டில் ஆன் செய்தால் திரை முழுக்கச் சதுரங்கக் கட்டம். கெப்பாசிட்டர் ஒழுகி போர்டெல்லாம் பிசுபிசுப்பு. ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டு டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றினேன். படம் எப்போது எடுத்தது என்று விற்றவரிடம் கேட்டேன். 2016-லாம். இப்போதெல்லாம் அன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பினால்தான் பணம் போடுகிறேன்.

குன்னூர்:

நல்ல யோசனை தம்பி. பிபிசி மைக்ரோ விசைப்பலகை உடைசல் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், எட்டு விசைக்கு நியாயமான விலை தருகிறேன்.