சைக்கிள் கார்பன் ஃப்ரேம், பிபி ஷெல் இணைப்பு: புதுப்பிப்பு

அலுமினிய பிபி ஷெல்லை (பெடல் அச்சு உட்காரும் உருளைக் கூடு) ஃப்ரேமின் கார்பன் குழாய்களோடு நேரடியாக ஒட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி நடுவே மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஓர் அடுக்கு வைத்துவிட்டேன். கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டிருக்கும்போது வியர்வையோ மழைநீரோ உள்ளே போனால் அரிக்கப்படுவது அலுமினியம்தான், அப்புறம் ஒட்டும் விட்டுப்போகும்.

இணைப்பின் மேல் சுற்றிய கார்பன் துணி அடுக்குகளில் பெரும்பாலானவற்றின் இழைகள் குழாயின் நீளத்துக்கு ±45 பாகை சாய்வு, முறுக்கு விசைக்காக. நீளவாக்கில் கொஞ்சம்தான். ஒவ்வொன்றையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டினேன். எல்லா விளிம்பும் ஒரே இடத்தில் முடிந்தால் அங்கேதான் தகைவு குவியும்.

வெற்றிடப் பையில் இறுக்கியதில் கூடுதல் எப்பாக்சி பிசின் வெளியேறிவிட்டது. உள்வளைவில் மட்டும் சின்னச் சுருக்கம். தேய்த்துச் சமன்செய்யச் சிலர் சொல்கிறார்கள்; எனக்கு உடன்பாடில்லை, இழையே அறுந்துவிடும். சரி, அடுத்தது டிராப்அவுட் (சக்கர அச்சு பொருந்தும் பகுதி).